வலி வார்டு சந்திரகலா

சந்திரகலாவுக்கு வாய் ஜாஸ்தி. அதை அவளே ஒப்புக்கொள்வாள். பொன்னேரிப் பக்கத்தில் நெல் விவசாயம் பார்க்கிற வீட்டில் பிறந்தவள். இந்த வயலில் நின்று அடுத்த வயல்காரனோடு பேசிப் பழகிய தொண்டை, நர்ஸ் உடுப்புப் போட்ட பிறகும் இறங்கவில்லை. காலையில் புருஷன் முனுசாமி கும்மிடிப்பூண்டிக்கு ரயில் ஏறுவான். அங்கே இரும்புக் கம்பெனியில் வேலை. இவள் திருவள்ளூருக்கு பஸ் ஏறுவாள். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில், கேன்சர் முற்றிப்போய் இனிக் குணமாக வழியில்லை என்று ஆனவர்களின் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ள ஒரு வார்டு உண்டு. போர்டில் என்னவோ நீளமாக எழுதியிருக்கும். ஜனங்களுக்கு அது வலி வார்டு.

சில பேர் அதைக் 'கடைசி வார்டு' என்பார்கள். சொல்லிவிட்டு அவளிடம் மாட்டினால் தொலைந்தார்கள். "கடைசின்னு உனுக்கு யாரு சொன்னா? உள்ள வந்து பாரு, அப்பளம் வேணும்னு அடம் புடிச்சிக்கினு கீறாரு ஒருத்தரு!" என்று வராந்தாவிலேயே வைத்து வாங்குவாள். நோயாளியைப் பார்த்தால் "எப்படி இருக்கீங்க" என்றெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. "வெளிக்குப் போனியா?" என்பதுதான் முதல் கேள்வி. வலி மாத்திரை மலத்தைக் கட்டும், அதற்குத்தான். புதிதாக வருகிறவர்களுக்கு மானம் போகும். நாலு நாளில் அவர்களே அவளைக் கூப்பிட்டு அந்தச் சேதியைச் சொல்வார்கள்.

துலுக்காணம் அப்படிச் சொல்கிறவர் இல்லை. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வந்த மீன்காரர். வயிற்றில் கட்டி, முதுகெலும்பு வரைக்கும் பரவிவிட்டது. கூட இருந்து பார்த்துக்கொண்டவள் பெண்டாட்டி கோவிந்தம்மா. வேளை தவறாமல் மார்ஃபின் மாத்திரை கொடுத்தும் மனுஷனுக்கு வலி அடங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். கட்டில் கம்பியைப் பிடித்த கை வெளுத்துப் போயிருக்கும். டாக்டர் தேவதர்ஷினி, "நாளைக்கு டோஸ் ஏத்திடலாம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குத் தலையணை உறை மாற்றும்போது உள்ளேயிருந்து மாத்திரைகள் பொலபொலவென்று கொட்டின.

சந்திரகலாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இது குடும்பங்கள் பண்ணுகிற வேலைதான். இப்போதே தின்று தீர்த்துவிட்டால் பின்னால் மருந்து கேட்காது என்று பயந்து, மாத்திரையைச் சேர்த்து வைப்பார்கள். "யக்கா, உனுக்கு மனசுன்னு ஒன்னு கீதா? அந்த ஆளு துடிச்சிக்கினு கிடக்காரு, நீ மாத்திரைய ஒளிச்சிக்கினு வேடிக்கை பாக்குற! இது தெரியாம நாளைக்கி டோஸ ஏத்திருந்தா இன்னா ஆயிருக்கும்?" கோவிந்தம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அவள இன்னாத்துக்குத் திட்டுற சிஸ்டரு? ஒளிச்சது நானு," என்றார் துலுக்காணம், சுவரைப் பார்த்தபடியே.

விஷயம் இதுதான். ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. குப்பத்து ஆண்கள் வருஷத்துக்கு ஒரு தரம் அம்மன் கோயில் முன்னால் கூடிச் சீட்டு எடுப்பார்கள். எந்த இடத்தில், எந்த நாளில், எந்த வீட்டு வலை என்பது அந்தச் சீட்டில்தான் தெரியும். பாடு என்று அதற்குப் பேர். வீட்டுக்கு உரியவன் தன் கையால் எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் கற்பூரத்தை அணைத்து, இந்தச் சீட்டுக்காக எந்தப் போதையும் தொடாமல் விரதம் இருந்தேன் என்று சத்தியம் பண்ண வேண்டும். எடுத்துவிட்டால் ஆள் செத்தாலும் அந்த வருஷம் பாடு அந்த வீட்டுக்குத்தான். எடுக்காவிட்டால் வலை கரையிலேயே கிடக்க வேண்டியதுதான். வரப்போகிற வெள்ளிக்கிழமை சீட்டு.

"வந்த அன்னிக்கி இத்த முழுங்கிட்டு நாளெல்லாம் தூங்கினேன்மா. கள்ளு குடிச்சாக்கூட அப்பிடித் தூங்க மாட்டேன். இது போதைதான? அம்மன் எதுர பொய்ச்சத்தியம் பண்ணச் சொல்றியா? நான் பூட்டா இவளும் எம்பொண்ணு ரோஜாவும் இன்னா பண்ணுவாங்க? இன்னும் கொஞ்ச நாளுதான், பல்லக் கடிச்சிக்கினு ஓட்டிடுவேன்."

சந்திரகலா திட்டுவதை அப்படியே நிறுத்தினாள். வார்டே ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் கோவிந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, தப்பாப் பேசிட்டேன். என் வாய்க்கி ஒரு பூட்டு போடணும்." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "நைனா, வலியில நீ எத்தினி மாசமாத் தூங்கல? அந்தத் தூக்கந்தான் அன்னிக்கி வந்துது. ரெண்டு மூணு நாளு அசத்தும், அப்பால தெளிஞ்சிரும். நம்பலன்னா ஒன்னு பண்ணலாம். உன் வலைய எட்த்தாரச் சொல்லு. மாத்திரையப் போட்டுக்கினு என் எதுரக் கண்ணி முடி. ஒரு முடிச்சு வழுக்குனாலும் இந்த மாத்திரையப் பத்தி நான் பேசவே மாட்டேன்."

சவால் என்றால் மீன்காரன் விடுவானா? அவர் தம்பி கணேசன் கிழிந்த வலையும் ஊசியும் கொண்டுவந்தான். கூடவே குப்பத்துத் தலைவர் அப்பாவுவையும் கூட்டி வரச் சொல்லியிருந்தாள் சந்திரகலா. டோஸ் ஏற்றும் யோசனையை டாக்டர் விட்டுவிட்டார். பழைய அளவையே ஒழுங்காகக் கொடுக்கச் சொன்னார். முதல் நாள் துலுக்காணம் தூங்கித் தூங்கி விழுந்தார். சந்திரகலாவுக்கு உள்ளுக்குள் உதைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் தெளியாவிட்டால் அவர் மூஞ்சியில் எப்படி முழிப்பது?

மூன்றாம் நாள் அப்பாவு வந்து சேர்ந்தபோது துலுக்காணம் தெளிந்து, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணி முடிந்துகொண்டிருந்தார். விரல்கள் ஊசியை நுழைத்து நுழைத்து வாங்கின. முகத்தில் அந்தக் கடுப்பு இல்லை. அப்பாவு வலையைத் தூக்கி முடிச்சுகளை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் வழுக்கவில்லை.

"முடிச்சு சரி மச்சான். ஆனா சத்தியமாச்சே," என்று இழுத்தார். "போதையா மருந்தான்னு ஊரு கேக்கும். நான் இன்னா சொல்றது?"

"ஊரு கேக்குதா?" என்று துலுக்காணம் ஊசியைக் கீழே வைத்தார். "போன வருசம் முகத்துவாரத்தாண்ட என் நாள்ல நீ வலை போட்டியே, அத்த ஊரு கேட்டுச்சா? காத்து இழுத்துக்கினு வந்துச்சுன்னு சொன்ன. அன்னிக்கி ஏதுய்யா காத்து? இலைகூட ஆடல. கூட இருந்த தேசப்பன் சாட்சி, கூப்புடு அவன!"

அப்பாவு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பக்கத்துக் கட்டில்காரர்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார். அப்பாவு தலையைச் சொறிந்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போதையில கீறவன் இவ்ளோ தெளிவா வம்புக்கு வரமாட்டான் சிஸ்டரு. இது மருந்துதான். ஊருக்கு நான் சொல்லிக்கறேன். நீ வந்து சீட்டு எடு மச்சான்."

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வண்டியில் சந்திரகலாவே கூடப் போனாள். சபையில் ஆண்கள் மட்டும்தான் உட்காரலாம். அவள் கோவிந்தம்மாவோடு வேப்பமரத்தடியில் நின்றாள். துலுக்காணம் நிமிர்ந்து உட்கார்ந்து, கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, குரல் நடுங்காமல் சத்தியம் பண்ணினார். குடத்துக்குள் கையை விட்டுச் சீட்டை எடுத்தார். அப்பாவு பிரித்து மெதுவாகப் படித்தார். அந்த வருஷத்துச் சீட்டிலேயே கடைசி நாள். மழையெல்லாம் முடிந்து தை மாசம்தான் வரும். அதுவரைக்கும் அவர் இருக்கமாட்டார் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

துலுக்காணம் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "தையில நல்ல இறால் படும்," என்றார். கணேசனைக் கூப்பிட்டுக் கொடுத்தார். "பத்திரமா வெச்சிக்கோ."

அதற்குப் பிறகு அவர் வார்டுக்குத் திரும்பவில்லை. ஏரியைப் பார்த்த மாதிரி வீட்டிலேயே படுத்திருந்தார். சந்திரகலா வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள், "வெளிக்குப் போனியா நைனா?" என்று வாசலிலிருந்தே கத்துவாள். "ஆச்சி ஆச்சி, ஊருக்கே சொல்லு!" என்று உள்ளேயிருந்து பதில் வரும். ஐப்பசியில் ஒரு மத்தியானம், பாதி முடிந்த வலை மடியில் இருக்க, தூக்கத்திலேயே போய்விட்டார்.

தை மாசம் ஒரு நாள் கோவிந்தம்மா வார்டு வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் தூக்குச்சட்டி, இன்னொரு கையில் துணி முடிச்சு. முடிச்சில் அவர் போன பிறகு மீந்த மாத்திரைகள். "திருப்பிக் குடுக்கணும்னு சொன்னியே சிஸ்டரு. இத்தத் தொடவே மனசு வரல, அதான் லேட்டு."

சந்திரகலா மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்த்தாள். கடைசி நாள் காலை வேளை வரைக்கும் ஒன்று விடாமல் எல்லாம் போட்டிருந்தார்.

"தலவாணியெல்லாம் பிரிச்சுப் பாத்தேன்," என்றாள் கோவிந்தம்மா. "ஒன்னுகூட ஒளிக்கல."

சந்திரகலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வார்டில் அழுவது அவளுக்குப் பிடிக்காது, அன்றைக்கு அழுதாள்.

அன்று சாயங்காலம் முனுசாமி வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது அடுப்பில் இறால் கொதித்துக்கொண்டிருந்தது. மணம் வாசல் வரைக்கும் வந்தது.

"எங்க வாங்கின? நல்லாப் பெருசாக் கீதே."

"வாங்கல. இன்னிக்கி துலுக்காணம் நைனா வலை," என்றாள் சந்திரகலா. "குந்து, சாப்புடலாம்."