லினனில் ஏறிய அடுப்புப் புகை

லினன் துணியைக் கண்டாலே இப்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. துணி என்ன செய்தது, பாவம். ஆனாலும் கையில் எடுத்ததும் தள்ளி வைத்துவிடுகிறேன்.

தலவாக்கலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். அதை நடத்தியவர் கொழும்பு மேடம், தமிழ்தான் பேசுவார். சாப்பாட்டு மேசைக்கு விரிப்பும் கை துடைக்கும் துண்டும் தலையணை உறையும் லினனில், கையாலேயே தைத்து வேண்டும் என்றார். மெஷின் தையல் அவருடைய விருந்தாளிகளுக்குப் பிடிக்காதாம். துணியை அவரே தந்தார். நானும் என் தங்கச்சியும் ஒத்துக்கொண்டோம்.

தங்கச்சிக்காகத்தான் ஒத்துக்கொண்டேன். அவளைக் கொழும்பில் யார் வீட்டிலாவது வேலைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சு. எங்கள் பெரியம்மா மகள் அப்படிப் போய், குளியலறைக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்த கதையெல்லாம் அவள் கேட்டிருந்தாள். பேச்சு எழும்போதெல்லாம் அழுவாள். "இந்த வேல நெலச்சிருச்சுன்னா ஒன்ன எங்கயும் அனுப்ப விடமாட்டேன்டி" என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

லினன் பருத்தி மாதிரி இல்லை. திமிர் பிடித்த துணி. முதலில் ஊறவைத்து அலசிச் சுருங்க விட வேண்டும். கண்ணை நம்பி வெட்டினால் கோணிக்கொள்ளும். ஓர் இழையைப் பிடித்து மெல்ல உருவி, அது விட்டுப்போன கோட்டில்தான் கத்தரியை வைக்க வேண்டும். நான் உருவினால் பாதியில் அறும். தங்கச்சி உருவினால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுசாய் வரும். ஓரத்தை மடித்து அவள் போடும் தையல் எறும்பு வரிசை போல இருக்கும்.

தைத்து முடித்துத் துவைத்த வாரம் முழுக்க மழை. மழைக்காலத்தில் எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், எந்தத் துணியும் வெளியே காயாது. எல்லா வீட்டிலும் அடுப்புக்கு மேலே ஒரு கம்பி ஓடும். குழந்தையின் சட்டை முதல் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் இடுப்பில் கட்டும் படங்கு வரை அதில்தான் காயும். லினனையும் அதில்தான் போட்டேன். போட்டது நான்.

"அக்கா, வெள்ளத் துணிக்கா" என்றாள் தங்கச்சி.

"கரி படாமத்தான் போட்டுருக்கேன், பேசாம இரு" என்றேன்.

கரி படவில்லை, உண்மைதான். ஆனால் செடியைக் கவ்வாத்து வெட்டியபோது விழுந்த தேயிலை மிளாறு எரிந்த புகை இழைக்கு இழை ஏறியிருந்தது. பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே கிடக்கும் எங்கள் மூக்குக்கு அது தெரியவே இல்லை.

நாங்கள் இருவரும் கொண்டுபோனபோது மேடம் முதல் துண்டை ஆசையாகத்தான் பிரித்தார். தையலைத் தடவிப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனவர், செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தள்ளிப் பிடித்தார்.

"ச்சீ! என்ன இது, லயத்து நாத்தம்! இதுல யார் வாய் துடைப்பாங்க? எங்க போட்டுக் காய வச்சீங்க?"

லயத்து நாத்தமாம். அந்தச் சொல் என் மேல் காறித் துப்பியது போல விழுந்தது. திருப்பி நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்ததோ வேறு.

"தங்கச்சிதாங்க மேடம் காயப் போட்டுச்சு. நா எவ்வளவோ சொன்னேன், கேக்கலைங்க."

தூ! மேடத்தைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் துணியைத்தான் தள்ளிப் பிடித்தார். தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமாங்க மேடம், நாந்தான்" என்றாள்.

மேடத்தின் கோபம் இறங்கிவிட்டது. "சரி, இன்னொரு தரம் துவைச்சு இங்க எங்க லாண்டரியிலயே காய வைங்க. நீங்க தொடர்ந்து தைங்க. இந்தப் பிள்ளை இனித் துணியைத் தொட வேண்டாம்." பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்து, "கொழும்புல எங்க வீட்டு வேலைக்கு ஆள் தேவைதான். அங்க அனுப்புங்க. சுத்தம்னா என்னன்னு பழகிக்கும்" என்றார்.

தங்கச்சி என் கையைப் பிடித்தாள். மறுத்தால் தையலும் போய்விடும் என்று பயந்தேன். பயம் என்று சொல்வதுகூடப் பொய், அந்த வேலை மேல் ஆசை.

"சரிங்க மேடம்" என்றேன்.

தலவாக்கலை ஸ்டேஷனில் கொழும்பு ரயிலுக்குக் காத்து நின்றபோது அவள் அழவில்லை. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவுமில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ரயில் வளைவில் தெரிந்ததும், சட்டைக் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அக்கா, மோந்து பாத்துச் சொல்லு. என் மேல நாத்தம் வருதா?"

எனக்குக் குனியக் கூசியது. மோந்து பார்க்காமலே "இல்லடி" என்றேன்.