ஏன் ‘ஓம்’ சொன்னேன்

என்னைக் கள்ளி என்று தீர்ப்பெழுதியது ஜெர்மன் நீதிமன்றம். ஆனால் அதற்கு வழி விட்டவள் நானேதான். மோதிரத்தை எடுத்தீர்களா என்று நீதிபதி கேட்டபோது ஆமென்று தலையாட்டி ‘ஓம்’ என்றேன். நான் எடுக்கவில்லை.

அப்போது கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாட்டை வாயில் தீத்துவது. எனக்குப் பிடித்த வேலை. அங்கே ஞாபகம் மங்கிப்போன ஒரு ஜெர்மன் கிழவி இருந்தார். நாள் முழுக்கக் கம்பளி நூலை உருண்டையாகச் சுற்றுவார், பிறகு அவிழ்ப்பார், திரும்பச் சுற்றுவார். ஒருநாள் அவருடைய கலியாண மோதிரத்தைக் காணவில்லை. அன்றைக்கு வேலை முடிந்த பிறகும் அந்த அறையில் இருந்தவள் நான். பிறகென்ன, பொலிஸ், வாக்குமூலம், வழக்கு.

நீதிபதி கேட்டது நியாயமான கேள்விதான். உங்கள் வேலை மத்தியானமே முடிந்துவிட்டது, பொழுதுபடும்வரை அங்கே என்ன செய்தீர்கள்?

பதில் என்னிடம் இருந்தது. என் மனுசன் என்னை விட்டுவிட்டு வேறொருத்தியோடு போய்விட்டார். பிள்ளைகளும் இல்லை. வீட்டுக்குப் போனால் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் மட்டும்தான். அந்த வீட்டைத் திறக்கவே எனக்குப் பயம். அதனால் கிழவிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துவிடுவேன். அவர் சுற்றுவார், நான் நூலைப் பிடித்துக்கொடுப்பேன். இதைச் சொல்லியிருந்தால் போதும்.

ஆனால் எனக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க இருந்தவர், எங்கள் கோயிலுக்கு வருகிற ஒரு பெண். இந்தப் பக்கத்து நீதிமன்றங்களுக்கெல்லாம் தமிழுக்கு அவர்தான். கோயில் சனத்துக்கு நான் சொல்லிவைத்திருந்த கதையோ வேறு: மனுசன் லண்டனில் தமையனின் கடையைப் பார்க்கப் போயிருக்கிறார். அந்தப் பொய்யை எவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அந்த ஒரு நிமிடத்தில் என் மண்டை போட்ட கணக்கைக் கேளுங்கள். களவு என்றால் எங்கள் சனம் என் பக்கம் நிற்கும். “பாவம், வெள்ளையள் பழியைப் போட்டிட்டாங்கள்” என்பார்கள். மனுசன் விட்டுப் போனான் என்றால், “இவளிலை என்ன பிழையோ” என்பார்கள். ஒப்புக்கொண்டால் தண்டப்பணத்தோடு முடியும் என்று அப்போதைய வழக்கறிஞரும் சொல்லியிருந்தார். “ஓம், நான்தான் எடுத்தனான்” என்றேன். மோதிரம் எங்கே என்றதற்குத் தொலைத்துவிட்டேன் என்றேன். எல்லாம் கால் மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது.

களவுத் தீர்ப்பு உள்ளவளை எந்த முதியோர் இல்லம் எடுக்கும்? அலுவலகங்கள் கூட்டித் துடைக்கப் போனேன். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் அங்கே எனக்கு வேலை. மேசைகளோடும் கதிரைகளோடும் எவ்வளவு நாளைக்குக் கதைக்கிறது? சாப்பாடு சூடில்லை என்று கிழடுகள் என்னைத் திட்டினதைக்கூட நினைத்து ஏங்கினேன். அந்த வேலை எனக்குத் திரும்பவும் வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

கிழவி இறந்த பிறகு, அவருடைய நூல் கூடையை மகன் தேவாலயத்தில் கம்பளி பின்னுகிற பெண்களுக்குக் கொடுத்திருக்கிறார். அவர்கள் பின்னப் பின்ன, ஓர் உருண்டையின் நடுவிலிருந்து மோதிரம் விழுந்ததாம். கிழவியே உள்ளே வைத்துச் சுற்றியிருக்கிறார். நூலைப் பிடித்துக்கொடுத்தது நானாகவும் இருக்கலாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மகன் நல்ல மனிதர். என்னைத் தேடி வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். வழக்கறிஞரைப் பாருங்கள் என்று சொன்னதும் அவர்தான்.

புதிய வழக்கறிஞர் ஓர் இளம் ஜெர்மன் பெண். முடிந்த வழக்கானாலும் புதிய சான்று இருக்கிறது, மறுவிசாரணைக்கு விண்ணப்பிக்கலாம் என்றார். ஆனால் மோதிரம் மட்டும் போதாதாம். எடுக்காதவர் எடுத்தேன் என்று ஏன் சொன்னார்? ஒப்புக்கொண்டவர்தான் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும், நீதிமன்றம் அதை நம்பவும் வேண்டும். எனக்கு எரிச்சல் வந்தது. மோதிரமே வந்து நிற்கிறது, இன்னும் ஏன் என் வாயைக் கிண்டுகிறீர்கள்? ஆனாலும் என் உடைந்த ஜெர்மனில் சொல்லி முடித்தேன். ஆச்சரியம், அந்த மொழியில் வெட்கமே வரவில்லை.

சட்டப்படி வேறொரு நகரத்து நீதிமன்றம்தான் அதைப் பார்க்க வேண்டும். என்னை நேரில் கேட்க வேண்டும் என்று அழைத்தார்கள். வேறு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கட்டுமா என்றார் வழக்கறிஞர். வேண்டாம் என்றேன். இன்னொரு தமிழர் வந்தால் இன்னொரு காது. ஒரு காதோடு போகட்டும்.

அதே பெண் வந்தார். பக்கத்தில் இருந்தார். நீதிபதி கேட்டார், நான் தமிழில் சொன்னேன்.

“என்ரை மனுசன் என்னை விட்டிட்டுப் போட்டார். வீட்டிலை ஒருத்தரும் இல்லை. அதாலைதான் அந்த அம்மாவோடை இருந்தனான். இதை இவவுக்கு முன்னாலை சொல்ல ஏலாமல்தான் எடுத்தனான் எண்டு சொன்னனான்.”

அவர் ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் சொன்னார். ‘இவ’ என்பது யார் என்று நீதிபதி கேட்டார். அவர் தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார்.

அரசதரப்பு மறுப்புச் சொல்லவில்லை. சில வாரங்களில் பழைய தீர்ப்பை நீக்கி என்னை விடுதலை செய்தார்கள். இன்னோர் இல்லத்தில் வேலையும் கிடைத்தது. சந்தோசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நீதிமன்ற வராந்தாவில் நடந்ததுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது.

மொழிபெயர்த்த பெண் இயந்திரத்தில் கோப்பி எடுத்து வந்து எனக்கும் ஒன்று தந்தார். நான் முந்திக்கொண்டேன்.

“கோயில்லை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

“நான் சொல்லமாட்டன் அக்கா. சத்தியம் செய்து செய்யிற வேலை இது.” கோப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னார். “ஆனா எல்லாருக்கும் தெரியும். அண்ணை போன உடனையே தெரியும். அவர் இஞ்சை பக்கத்திலை, டோட்முண்டிலைதானே இருக்கிறார். தமிழ்க் கடையிலை அவரைக் காணாத ஆக்கள் இல்லை.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் வேலை போனது, பெயர் போனது, யாருமில்லாத கட்டடங்களில் தும்புத்தடியோடு திரிந்தேன். எல்லாம் எதற்காக?

“தெரிஞ்சுகொண்டோ ஒவ்வொரு திருவிழாவுக்கும் அண்ணை எப்ப லண்டனாலை வாறார் எண்டு கேட்டனீங்கள்?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“கேக்காமல் விட்டா, எங்களுக்குத் தெரியும் எண்டு உங்களுக்கு விளங்கிப்போடுமெல்லோ அக்கா.”