வெள்ளி இரவு, ஏழு மணிக்கு, முற்றத்தில்

தமிழில் ஒரு ‘இல்’ போதும். கண்டக்குழியில், கடலில், மேசையில், டிசம்பரில் என்று இடத்துக்கும் காலத்துக்கும் அதுவே வந்து நிற்கும். மணி சொல்லும்போது மட்டும் ‘க்கு’. ஆங்கிலத்தில் இந்த வேலையை இன் (in), ஒன் (on), அட் (at) என்று மூன்று சிறிய சொற்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. ஒன்றின் இடத்தில் மற்றது போய் நின்றால் வாசிக்கிறவர் முகம் சுளிப்பார்.

கடலோரக் கண்டக்குழியில் வாழ்க்கைப்பட்ட என் மூத்த சகோதரி, எனக்கு ராத்தா, ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் இந்த மூன்றையும் பிடித்துவிடுவதென்று இறங்கினார். டொல்பின் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு அவர் தன் வீட்டு முற்றத்தில் சமைத்துப் போடுவார். ஆனால் ஆட்களைக் கூட்டி வருவது, நேரம் குறிப்பது, நன்றி வாங்குவது எல்லாம் அடுத்த வீட்டுப் படகோட்டிதான். அவர் கத்தோலிக்கர், நல்ல மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். வந்தவர்கள் அவரையே வீட்டுக்காரர் என்று நினைத்துக் கை குலுக்கிவிட்டுப் போவார்கள். சமையல் நடக்கும் குசினிப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். ராத்தாவுக்கு இது பொறுக்கவில்லை.

நான் மதுரங்குளியில் இருப்பவன். எந்தப் பாலம் எப்போது கட்டப்பட்டது, எந்த மழைக்கு எந்தக் குளம் உடைத்தது என்று குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவன். நாள் இல்லாத செய்தி எனக்குப் பாதிச் செய்தி. எனவே ராத்தாவின் கேள்விகள் வட்ஸ்அப்பில் என்னிடம்தான் வரும். மணிக்கூடு காட்டுவதற்கு அட், கிழமைக்கு ஒன், மாதத்துக்கும் ஆண்டுக்கும் இன் என்று சொல்லிக் கொடுத்தேன். காலம் சுலபமாகப் படிந்தது. இடம்தான் சண்டை பிடித்தது.

“காருக்கு இன் எண்டா பஸ்ஸுக்கு என்னத்துக்கு ஒன்? வெள்ளக்காரன் பஸ்ஸுக்கு மேலயா ஏறிப் போறான்?”

“அது அப்படித்தான், ராத்தா.”

“தெரியாட்டி தெரியாதெண்டு சொல்லு.”

இப்படியே சில மாதங்கள் போயின. போன டொல்பின் பருவத்தின் தொடக்கத்தில், கரையோர விடுதி ஒன்றுக்கு ஒரு குழுவைக் கூட்டி வந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு ராத்தா தானே செய்தி எழுதினார். இந்த ஒரு விருந்து பிடித்துவிட்டால், பருவம் முடியும்வரை தன் குழுக்களை வாராவாரம் ராத்தாவின் முற்றத்துக்கே கூட்டி வருவதாக அந்தப் பெண் சொல்லியிருந்தார். அனுப்புவதற்கு முன் செய்தி எனக்கு வந்தது. வெள்ளி இரவு என்பதற்கு ஒன், ஏழு மணிக்கு அட், முற்றத்துக்கு இன். ஒரு பிழையும் இல்லை. அனுப்பச் சொன்னேன். ராத்தா உடனே தொலைபேசியில் கூப்பிட்டார்.

“வெள்ளி ராவு நீயும் வந்திரு. வட்டிலப்பம் அவிக்கிறேன்.”

நான் வியாழக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினேன்.

எங்கள் முஸ்லிம் ஆட்களுக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை. அந்தி மஃரிப் தொழுகையோடு நாள் மாறிவிடும். இரவு முந்தி, பகல் பிந்தி. வியாழன் சூரியன் இறங்கினால் வெள்ளி இரவு. யாசீன் ஓதுவதும் நல்லதாக நாலு பேருக்குச் சமைப்பதும் அன்றைக்குத்தான். ஆங்கிலத்தில் வாசித்தபோது அந்த இரவை நான் வெள்ளி நடுப்பகல் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வைத்தேன். ராத்தாவின் வாயால் கேட்டபோது ஜும்ஆவுக்கு முந்தி வைத்தேன். இரண்டும் என் தலைக்குள் ஒன்றை ஒன்று பார்க்காமல் இருந்திருக்கின்றன.

நான் போய்ச் சேர்ந்தபோது பின்னேர அஸர் தொழுகை முடிந்திருந்தது. முற்றத்தில் கதிரைகள் போட்டாயிற்று. இறால் கறி இறக்கியிருந்தது, நெய்ச்சோற்றுக்கு அரிசி களைந்து வைத்திருந்தது. படகோட்டி வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

“என்னக்கா, மணக்குது! நாளைக்கு வாற ஆக்களுக்கு இண்டைக்கே சமையலா?”

“நாளைக்கா? இண்டைக்கு வெள்ளி ராவு.”

“இண்டைக்கு வியாழன். அவங்க நாளைக்கு எண்டுதான் இரிக்கிறாங்க.” பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், “உங்கட வெள்ளி ஒரு நாள் முந்தியே வந்திட்டுதா அக்கா?” என்றார்.

ராத்தா அகப்பையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் முழுதும் விளங்கியது. விளக்கிச் சொன்னேன். படகோட்டியும் கேட்டுக்கொண்டு நின்றார்.

“நான் போய்க் கதைச்சுக் கூட்டிக்கொண்டு வாறேன் அக்கா. பத்து நிமிசம்.”

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அவர் போனால் இது மறுபடியும் அவருடைய விருந்தாகிவிடும். ராத்தா அடுப்பைத் தணித்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

“நீங்க நில்லுங்க. என்ட சோறு, நான் கூப்பிடுறேன்.”

“சொரி எண்டு தொடங்குங்க ராத்தா,” என்றேன்.

“எதுக்கு சொரி? நான் பொய்யா எழுதின? நாள் எப்ப தொடங்குதெண்டு அவங்களுக்குத் தெரியாது. தெரியப்படுத்தினாச் சரி.”

கதிரையில் இருந்து எழுதத் தொடங்கினார். ஒரே ஒரு தடவைதான் தலையை நிமிர்த்தினார்.

“சூரியன் படுற நேரத்துக்கு என்ன?”

“அட்.”

அவர் எழுதியது இவ்வளவுதான்: எங்கள் ஊரில் ஒரு நாளுக்கு இரவு முதலில் வரும், பகல் பிறகுதான். ஆகவே வெள்ளி இன்று சூரியன் மறையும்போது தொடங்குகிறது. சாப்பாடு தயார். ஏழு மணிக்கு, என் முற்றத்தில்.

பதில் வரவில்லை. மஃரிப் பாங்கு கேட்டது. ராத்தா தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொழப் போனார். படகோட்டி கூட அதற்குப் பிறகு பகிடி விடவில்லை. அரிசியை எப்போது போடுவது என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். தொழுதுவிட்டு வந்த ராத்தா நெய்ச்சட்டியை அடுப்பில் ஏற்றினார்.

சோறு வேகும்போது கடற்கரைப் பக்கமிருந்து வெளிச்சங்கள் அசைந்து வந்தன. குழு முழுவதும் நடந்தே வந்திருந்தது. முன்னால் வந்த பெண் வேலியடியில் நின்ற படகோட்டியைத் தாண்டி நேராகக் குசினி வாசலுக்குப் போய், ராத்தாவின் பெயரைச் சொல்லிக் கை நீட்டினார். இரவு முந்தி வரும் ஊரை இதுவரை கண்டதில்லையாம். செய்தியைக் குழுவுக்கு உரக்க வாசித்துக் காட்டினாராம், அதற்குப் பிறகு யாரும் விடுதியில் சாப்பிடச் சம்மதிக்கவில்லையாம்.

போகும்போது, இனி வரும் வாரங்களில் எந்த இரவு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ராத்தா ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டார்: வியாழன் இரவு, ஏழு மணிக்கு, இதே முற்றத்தில். மூன்றும் தத்தம் இடத்தில் சரியாக நின்றன.

“அப்ப வியாழனெண்டு ஒத்துக்கொண்டீங்களா அக்கா?” என்றார் படகோட்டி.

“அவங்க வியாழனெண்டு வந்து தின்னட்டும். நான் வெள்ளி ராவுக்குத்தான் சமைக்கிற,” என்று சொல்லிக்கொண்டே, மிஞ்சிய வட்டிலப்பத்தில் பெரிய துண்டாக வெட்டி அவருடைய தட்டில் வைத்தார்.