சூடேறிய மண்ணும் ஒரு வாளித் தண்ணீரும்

என் அண்ணையின் சாவுக்குக் காரணம் நான்தான். அவர் மனைவி அல்ல... நான்!

என்னைப் பார்த்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். வலிகாமத்தில் எத்தனையோ வீடுகளுக்கு வயரிங் செய்தவன். நீர்வேலியில் அண்ணையின் வாழைத்தோட்டத்து மோட்டருக்கு ஏர்த் கம்பி இறக்கியவனும் நானே. மின்சாரம் கசிந்தால் அது ஆளைத் தாக்காமல் மண்ணுக்குள் போகவேண்டும். அதற்குத்தான் அந்தக் கம்பி.

ஆளுயரத்துக்கு மேல் இறங்கவேண்டிய கம்பி இரண்டடியிலேயே சுண்ணாம்புக்கல்லில் முட்டியது. வேறு இடம் பார்த்திருக்கலாம். பார்த்தேனா? கை வலித்தது, பசி வேறு... மிச்சக் கம்பியை அறுத்து எறிந்துவிட்டு மண்ணை மூடினேன். அது மாரிகாலம். செம்மண் ஊறிக் கிடந்ததால் ஏர்த் சோதிக்கும் மீற்றரும் பிழை சொல்லவில்லை.

கோடையில் அந்த மேல்மண் கொதிக்கும். ஈரம் வற்றினால் மின்சாரத்தை உள்ளே வாங்காது. ஆழத்து மண்தான் சித்திரையிலும் ஈரமாய்க் குளிர்ந்து கிடக்கும். இது எனக்குத் தெரியாதா? தெரியும்! அதனால்தான் அண்ணையின் மனைவியிடம் சும்மா சொல்வதுபோலச் சொல்லிவைத்தேன்.

"மச்சாள், வெயில் காலத்திலை கம்பியடியிலை ஒரு வாளி தண்ணி ஊத்தி விடுங்கோ."

எங்கள் ஊர்களில் பலரும் அப்படி ஊற்றுவதுண்டு. அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

சித்திரையில் ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மச்சாள் மருந்தெடுக்கப் போய்விட்டார். தண்ணீர் ஊற்றவில்லை. அன்றுதான் மோட்டரில் மின்சாரம் கசிந்திருந்தது. அண்ணை ஈரக் கையோடு தொட்டார்...

செத்தவீட்டில் மச்சாள் நெஞ்சில் அடித்துக் கதறினார். "ஐயோ, நான் தண்ணி ஊத்தேல்லையே! நான்தானே அவரைச் சாகக் குடுத்தன்!"

நான் பக்கத்தில்தான் நின்றேன். வெந்துபோன மண்ணுக்கு ஒரு வாளித் தண்ணீர் எம்மாத்திரம்! கம்பியை அறுத்ததைச் சொல்லியிருக்கலாம். வாய் வந்ததா? "அழாதேங்கோ மச்சாள், எல்லாம் விதி" என்றேன். விதியாம்!

பிறகு வேறிடத்தில் ஆழமாகப் புதுக்கம்பி இறக்கினேன். பழைய கம்பியைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் அதன் நீளம் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே... அதில் இப்போது எந்த வயரும் இல்லை. மச்சாளிடம் அதையும் நான் சொல்லவில்லை.

நேற்றுப் போனேன். நல்ல மழை. மச்சாள் நனைந்தபடி அந்தப் பழைய கம்பியடியில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"இண்டைக்கு ஊத்திப்போட்டன் தம்பி."

"ஓம் மச்சாள்" என்றேன்.