வண்டியின் வாயை மூடிய துணி

யாங்கோனின் புறநகரான ஷ்வேப்யிதாவில் சஜிதாவின் ரேடியேட்டர் பட்டறைக்கு வண்டி கொண்டுவரும் எந்த ஓட்டுநரிடமும் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான். "வழியில மூடியத் தொறந்தியா?" ஆமாம் என்றால் வசவு விழும். இல்லை என்றால் தேநீர் வரும்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் அவள் கணவன் அஜ்மல் இருந்தான். பட்டறை அவன் தொடங்கியது. ஒரு நாள் சாலையோரத்தில் கொதித்து நின்ற வண்டியைப் பார்க்க அவனை அழைத்துப் போனார்கள். வண்டியின் சொந்தக்காரர் ஏசி போட்ட இன்னொரு காரில் உட்கார்ந்துகொண்டு, நேரமாகிறது, சீக்கிரம் தண்ணீர் ஊற்று என்று விரட்டினார். அஜ்மல் ஈரத்துணியைச் சுற்றி மூடியைத் திருகினான். அழுத்தத்தில் அடைபட்டிருந்த நீர் ஆவியாகச் சீறி அவன் முகத்திலும் மார்பிலும் அடித்தது. அவன் பிழைக்கவில்லை.

துக்கம் கேட்க வந்த உறவினர்கள் தக்தீர், இறைவன் எழுதிய விதி என்றார்கள். பக்கத்து வீட்டு பர்மியர்கள் முன்வினை என்றார்கள். சஜிதா தலையை மூடிய துணியை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எழுத்து, எழுத்துன்றீங்க. அது ஏன் எப்பவும் மூடியத் தொறக்கிறவன் நெத்தியிலேயே இருக்கு? ஏசியில உக்காந்திருந்தவன் நெத்தி காலியாவா இருந்துச்சு?"

மறுமாதம் அவளே பற்றவைப்புச் சுடரைக் கையில் எடுத்தாள்.

கோ நாய்ங் லின் என்ற பணக்கார இளைஞனின் கார் அவளிடம் வந்தது சென்ற கோடையில். அது நாட்டுக்குள் முழுக் காராக வரவில்லை, பெட்டி பெட்டியாக வந்தது. தாய்லாந்திலிருந்து உடல்கூடு, பழைய ஜப்பானிய காரிலிருந்து கழற்றிய எட்டு சிலிண்டர் எஞ்சின். பந்தயக் கார் போலத் தரையைத் தொடும் தாழ்ந்த மூக்கு, அதில் காற்று நுழைய ஒரு சிறிய வாய். வேறொரு பட்டறை பூட்டிக் கொடுத்திருந்தது. ஓட்டினால் உறுமும், நெரிசலில் நின்றால் கொதிக்கும். அதைக் கொண்டுவந்தவன் சுரேந்திரன், நாய்ங் லின் வீட்டு ஓட்டுநர். அவள் வயதுதான் இருக்கும், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். மூடியைத் திறந்தாயா என்று கேட்டபோது அவன் கையைப் பின்னால் கொண்டுபோனான். அவள் இழுத்துப் பார்த்தாள். மணிக்கட்டில் புதிய கொப்புளம்.

"முதலாளி தொறக்கச் சொன்னாருக்கா. நான் என்ன பண்றது?"

சஜிதா திட்டவில்லை. அந்தக் கொப்புளத்தைப் பார்த்த பிறகு அது அவளுக்கு வெறும் வேலையாக இல்லை. இந்த வண்டி இனி ஒரு தடவை கொதித்தால் மூடியருகே நிற்கப்போகிறவன் யார் என்று அவளுக்குத் தெரியும்.

ரேடியேட்டர் எஞ்சினைவிடத் தாழ்வாக இருந்ததால் காற்றுக்குமிழி எஞ்சினின் உச்சியில் தங்கிக்கொண்டிருந்தது. அதற்கு எல்லாவற்றையும்விட உயரத்தில் ஒரு சிறு தொட்டி வைத்து, குமிழி வெளியேற மெல்லிய குழாய் இழுத்தாள். வாய்வழி நுழையும் காற்று ரேடியேட்டரின் ஓரங்களில் நழுவிப் போகாதபடி அலுமினியத் தகடு வெட்டி இடைவெளிகளை அடைத்தாள். நின்ற இடத்திலும் காற்றை இழுக்கும் பெரிய மின்விசிறியைப் பின்னால் பொருத்தினாள். பிறகு உச்சி வெயிலில் வண்டியை ஓடவிட்டு, சுரேந்திரனும் அவளும் வெப்பமானி முள்ளைப் பார்த்தபடி மதியச் சோற்றைத் தின்றார்கள். முள் பாதியைத் தாண்டவில்லை.

"இனி காதல் பண்ணலாம் இதோட" என்றான் சுரேந்திரன்.

"பண்ணு. மூடிய மட்டும் தொடாத."

நாய்ங் லினின் தங்கை திருமணத்துக்கு அந்தக் கார் ஊர்வலமாகப் போகவேண்டும் என்று ஏற்பாடு. புது வண்டி எதுவும் முதலில் பாகோ சாலையில் உள்ள நாட் என்னும் காவல் தேவதையின் மரத்தடிக்குப் போய், மூன்று முறை முன்னும் பின்னும் அசைந்து வணங்கவேண்டும். யாங்கோனில் அது வழக்கம். ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள சஜிதாவையும் பின்னால் ஒரு வேனில் வரச் சொன்னார்கள்.

வணங்கியதும் அங்கே சிவப்பும் வெள்ளையுமான துணியையும் நாவல் இனத்துத் தபியே இலைக்கொத்தையும் பக்கக் கண்ணாடியில் கட்டுவார்கள். ஆயிரம் வண்டிகளில் அவள் பார்த்ததுதான். இந்த வண்டியின் கண்ணாடியோ உள்ளங்கையளவு. அதனால் நாய்ங் லினின் தாய் துணியை மடித்து மடித்து, மல்லிகைச் சரத்தோடு வண்டியின் வாய்க்குக் குறுக்கே கட்டச் செய்தார். சஜிதா வேனிலிருந்து பார்த்தாள். அழகாக இருக்கிறது என்றுதான் அவளுக்கும் முதலில் தோன்றியது. காற்றின் பாதையை அங்குலம் அங்குலமாகச் சீர்செய்தவள், அந்த ஒரே வாசல் மூடப்பட்டதைத் திருமணத்துக்குப் போகும் வழியில் மிங்கலாடோன் வரும்வரை உணரவில்லை.

விமான நிலையத்துக்கு அருகே சோதனைச் சாவடி. துப்பாக்கிகள், நீண்ட வரிசை, அனல். முன்னால் நின்ற நாய்ங் லினின் காரிலிருந்து வெள்ளை ஆவி எழுந்தது. சஜிதா வேனிலிருந்து குதித்து ஓடினாள். அதற்குள் நாய்ங் லின் இருக்கையிலிருந்தபடியே மூடியைத் திறக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். சுரேந்திரன் பானெட்டைத் தூக்கி நிறுத்தி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள், கொப்புளத் தழும்பின் மேலேயே.

"விடுக்கா. வேலை போயிரும்."

"போகட்டும். மூஞ்சி போகக்கூடாது. எஞ்சின அணைக்காத, விசிறி ஓடட்டும். முன்னாடி கட்டியிருக்கிறத அவிழு."

சுரேந்திரன் துணியைப் பார்த்துப் பின்வாங்கினான். "நாட் துணிக்கா. நான் கைவெச்சா குத்தம்."

அவன் கைவைத்தால் குற்றம். முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் பெண் கைவைத்தால் என்னவாகும் என்பது அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். இதைவிடச் சின்ன விஷயங்களுக்கு இந்நாட்டில் கடைகள் எரிந்திருக்கின்றன. மனிதன் வெந்தால் விதி என்று வீட்டுக்குப் போகிறவர்கள், துணி அவிழ்ந்தால் தடியெடுப்பார்கள். சாவடிச் சிப்பாய்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சஜிதாவின் இடுப்பில் கத்தி இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. மண்டியிட்டு, முடிச்சுகளை ஒவ்வொன்றாக நகத்தால் அவிழ்த்தாள். துணியை மடித்து, இலையையும் பூவையும் மேலே வைத்து, பின்காரில் இருந்த தாயிடம் இரு கைகளாலும் நீட்டினாள்.

"அம்மா, வண்டி மூச்சு விடணும்" என்றாள் பர்மிய மொழியில்.

அந்த அம்மாள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். விசிறி காற்றை இழுத்தது. முள் மெல்ல இறங்கியது. யாரோ ஒரு சிப்பாய் கையசைக்க, வரிசை நகர்ந்தது.

ஊர்வலம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் சுரேந்திரனுக்கு வேலை இல்லை. அந்தக் கார் மறுபடி பட்டறைக்கு வரவில்லை. நாய்ங் லினின் நண்பர்களின் கார்களும் வரவில்லை. அபசகுனக்காரி என்று பேச்சு. சஜிதா லாரிகளின் பழைய ரேடியேட்டர்களுக்கு ஈயம் வைத்துக்கொண்டு காலம் தள்ளினாள்.

மழை தொடங்கிய பின் ஒரு நாள் சுரேந்திரன் வந்தான். இப்போது பேருந்து ஓட்டுகிறான். காலையில் வழியில் வண்டி கொதித்துவிட்டதாம். பயணிகள் கத்தினார்கள், பேருந்து முதலாளி தொலைபேசியில் அம்மா வரைக்கும் இழுத்துத் திட்டினான்.

"நான் எறங்கி மரத்தடியில உக்காந்துட்டேன்கா. ஆறுற வரைக்கும் தொடவே இல்ல."

சஜிதா சுடரை அணைத்தாள். பிறகு உள்ளே போய்த் தேநீர் வைத்தாள்.