ஏழா, பதினான்கா

அரசு உதவிப் பொறியாளர் தேர்வுக்கு ஓசூரில் ஒரே அறையில் தங்கி நாங்கள் இரண்டு பேர் படித்தோம். நான் ஊத்தங்கரைப் பக்கம், அவள் தூத்துக்குடிப் பக்கம். இருவருமே சிவில் முடித்துவிட்டு, சிவிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பார்த்துக்கொண்டிருந்தோம். ஷிப்ட் முழுக்க போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து, பாலத்தையும் அணையையும் படிப்போம். கைடு என்னுடையது, தடித்த பாடப்புத்தகம் அவளுடையது. எது யாருடையது என்று அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

கிருஷ்ணகிரியில் தேர்வு எழுதிவிட்டுத் திரும்பும்போது, விடைகளைப் பற்றிப் பேசவே கூடாது என்று பஸ்ஸில் சத்தியம் செய்துகொண்டோம். குருபரப்பள்ளி தாண்டுவதற்குள் அது காற்றில் போய்விட்டது. கான்கிரீட் கூரை போட்டால் அடியில் கொடுத்த முட்டுகளை எத்தனை நாளில் பிரிக்கலாம் என்று ஒரு கேள்வி. நான் ஏழு போட்டிருந்தேன், அவள் பதினான்கு. ஓசூர் வரும்வரை சண்டை போட்டோம்.

தற்காலிக விடைக்குறிப்பு வந்தது. பதினான்கு. அவள் துணி அலசப் போய்விட்டாள். நான் அவள் புத்தகத்தைப் புரட்டினேன். கூரையின் நீளம் குறைவென்றால் ஏழு, அதிகமென்றால் பதினான்கு என்றிருந்தது. கேள்வியிலோ நீளமே இல்லை. அதைப் போடுவதற்குள் கேள்வி எடுத்தவருக்குப் பேனாவில் மை தீர்ந்துவிட்டதா? அப்படியானால் நானும் சரியா, இல்லை இருவருமே தப்பா? படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது. நம் வீட்டுக் கூரைக்கு எத்தனை நாள் விட்டோம் என்று அப்பாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். முட்டு கொடுத்த சென்ட்ரிங்காரன் வேறு வேலைக்குப் பலகை வேண்டும் என்று வந்து நின்றான், பிரித்துக் கொடுத்துவிட்டோம் என்றார். எந்த நாள் என்று அவருக்கு நினைவில்லை.

ஆட்சேபணை போடலாம். ஆனால் கைடு செல்லாது, பாடப்புத்தகத்தின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். என் ஆட்சேபணையை ஏற்றுக்கொண்டால் அவளுக்கு அந்த மதிப்பெண் போய்விடுமா, இருவருக்கும் கிடைக்குமா, கேள்வியையே எடுத்துவிடுவார்களா? தெரிந்தவர்களிடம் கேட்டதில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரே மதிப்பெண்ணில் பட்டியலுக்கு உள்ளேயோ வெளியேயோ தள்ளிவிடும் தேர்வு இது. எனக்கு அந்த மதிப்பெண் வேண்டும். அவளும் வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே புரியவில்லை.

ஆட்சேபணைக்குக் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், உன் புத்தகத்தைப் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். எதற்கென்று அவள் கேட்கவில்லை. எழுந்துபோய் எடுத்துவந்து, ஜன்னல் பக்கம் அந்தப் பக்கத்தை விரித்துப் பிடித்தாள். தடித்த புத்தகம், விட்டால் மூடிக்கொள்ளும்.

"ஏட்டி, நிழலு விழுது. தள்ளி நில்லு" என்றாள்.

தள்ளி நின்று எடுத்தேன். படத்தின் ஓரத்தில் அவள் கட்டைவிரலும் விழுந்திருந்தது. விரலை வெட்டினால் ஏழு என்றிருந்த வரியும் வெட்டுப்பட்டது. அதனால் விரலோடேயே அனுப்பினேன். அனுப்பிய பிறகு டீ போட்டுக் குடித்தோம். அன்று எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேனோ என்னவோ.

சான்றிதழ் சரிபார்ப்புக்கான பட்டியலில் என் எண் இருந்தது. அவள் எண் இல்லை. அந்த ஒரு மதிப்பெண்ணால்தானா என்று சொல்ல யாருமில்லை. இறுதி விடைக்குறிப்பு, எல்லாம் முடிந்த பிறகுதான் வருமாம். ஊருக்கு போன் போட்டபோது அப்பா அழுதுவிட்டார். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நான் சந்தோஷத்தைப் பாதி விழுங்கிப் பேசினேன்.

அடுத்த தேர்வுக்கு அவள் முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். நான் சரிபார்ப்புக்குச் சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்த சாயங்காலம், அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தாள். கட்டைவிரலால் பக்கத்தை அழுத்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

"ஏட்டி, திரும்ப இதே கேள்வி வந்தா நான் ஏழு போடவா, பதினாலு போடவா?"

சான்றிதழ்களை வைத்துவிட்டு, நிழல் விழாதபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வரிகளை மறுபடி படித்தேன்.