சம்பந்தி ஊற்றிய சாக்கே

மகள் ஒரு ஜப்பானியரை விரும்புகிறாள் என்றபோது நான் கலங்கவில்லை. கலியாணத்தில் நாங்களும் சாக்கே என்ற அவர்களுடைய அரிசி மதுவைக் குடிக்க வேண்டும் என்றபோதுதான் கலங்கினேன்.

என் கணவர் குடியை விட்டு நான்கு வருடங்கள். வேலையே போகும் நிலைக்கு வந்து, சிகிச்சை எடுத்து மீண்டவர். இருமல் மருந்தைக்கூட அதில் மதுசாரம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவோம்.

"பொம்பிளையும் மாப்பிள்ளையும் மூண்டு கிண்ணத்திலை மும்மூண்டு தரம் குடிப்பினம். பிறகு ரெண்டு வீட்டாரும் ஒரு வாய். அது அவையின்ரை ஷிண்டோ சமய முறை அம்மா, சாமிக்குப் படைச்சது" என்றாள் மகள்.

"ஒரு வாய்தானே. பிள்ளைக்காகக் குடிக்கிறன்" என்றார் இவர்.

அந்த ஒரு வாயை நினைத்துத்தான் எனக்குப் பயம். இவருக்குச் சொல்லாமல், டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் ஹோர்சன்ஸிலிருந்து ரயிலேறி, கோப்பன்ஹேகனில் இருக்கும் சம்பந்தியம்மாவிடம் போனேன். இருவருக்கும் டேனிஷ் அரைகுறைதான். ஆனாலும் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். சொல்லும்போது வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் தேநீர் ஊற்றித் தந்து, சாக்கேயின் கதையைச் சொன்னார். மிகப் பழைய காலத்தில் சோற்றை வாயில் மென்று பானையில் துப்பிப் புளிக்க வைத்தார்களாம். நான் முகம் சுளிக்க, அவர் சிரித்துவிட்டார். பிறகு கோயில்களிலேயே தெய்வத்துக்கென்று காய்ச்சினார்கள். அரிசியில் கிடைக்கும் மிகச் சிறந்த பொருள் என்று அதைப் படைத்து, பின்பு எல்லோரும் பகிர்ந்து குடிப்பார்கள்.

"எங்கள் பிரசாதம் போல" என்றேன். சொன்னதும் பயம் இன்னும் கூடியது. பிரசாதத்தை யாராவது வேண்டாம் என்பார்களா?

"குடிக்க வேண்டாம். உதட்டில் தொட்டால் போதும். என் கணவருக்கு ஒரு வாய் போனாலே முகம் சிவந்து மூச்சு முட்டும். எங்கள் கலியாணத்திலும் தொட்டுவிட்டுத்தான் வைத்தார். தெய்வம் கோபிக்கவில்லை" என்றார்.

திரும்பி வரும்போது ரயிலிலேயே அழுதேன். வீட்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன்.

"நல்லாச் செய்தாய். எனக்கும் பயமாத்தான் இருந்தது" என்றார்.

கலியாணத்தன்று சம்பந்தியம்மாவே கிண்ணங்களில் ஊற்றினார். இவரும் சம்பந்தியம்மாவின் கணவரும் ஒன்றாகத் தூக்கி, மூடிய உதட்டில் தொட்டு, நிரம்பியபடியே கீழே வைத்தார்கள். இவர் என் பக்கம் குனிந்தார்.

"சரியாப் பசிக்குது. சாப்பாடு எப்பவாம்?"

நான்கு வருடத்தில் அப்படி நான் சிரித்ததில்லை.